வக்கீலும் கட்சிக்காரர் சொத்தும்

சிவகாசிப் பக்கம் சென்று பட்டாசுத் தொழிற்சாலைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வானம் பார்த்த கரிசற் பூமியின் நடுவே சிறு சிறு அறைகள், ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கும். இவ்வளவு இடத்தை ஏன் வீணாக்கியிருக்கிறார்கள் என்று புதிதாக வருபவருக்குத் தோன்றும். அந்த இடைவெளி வீண் அன்று. ஓர் அறையில் பொறி விழுந்தால் அடுத்த அறை பற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சட்டம் விதித்த இடைவெளி அது. அதை மறந்த இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் பல அறியும்.

நான் பட்டாசுத் தொழிலைப் பற்றிப் பேச வரவில்லை. நான் ஒரு வக்கீல். அந்த அறைகளுக்கு நடுவே உள்ளதைப் போல எங்கள் தொழிலிலும் ஓர் இடைவெளி உண்டு. கட்சிக்காரர் எந்தச் சொத்துக்காக வழக்காடுகிறாரோ, அந்தச் சொத்துக்கும் அவருடைய வக்கீலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அது. வழக்கில் கிடக்கும் நிலத்திலோ பணத்திலோ ஒரு பங்கைத் தன் ஊதியமாக வக்கீல் எழுதி வாங்கிக்கொள்ளலாமா? இரு தரப்பும் மனமொப்பித்தானே செய்கிறார்கள், இதில் என்ன பிழை? மாணவ நண்பர்களே, இக்கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் முதலில் படிக்கவில்லை. என் மேசைமேலேயே அது வந்து விழுந்தது.

விருதுநகர் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகராயினும், மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் இருக்கின்றது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், அந்த ஊரிலும் சிவகாசியிலும் நடந்த வழக்குகளில் பெரும்பாலானவை பாகப்பிரிவினை வழக்குகளே. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பருத்தியும் சோளமும் விளைந்து, மழை பொய்த்த ஆண்டில் அதுவும் விளையாத புன்செய் நிலம், பட்டாசுக்கும் அச்சுக்கும் தீப்பெட்டிக்கும் இடம் தேடுவோர் வந்தபின் விலை பெற்றது. யாரும் கேட்காத நிலத்துக்கு யாரும் வழக்காடுவதில்லை. சாலை ஓரத்து நிலத்துக்கு விலை ஏறிய அன்றே அண்ணன் தம்பியருக்கு நடுவே பழைய கணக்குகள் நினைவுக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு வழக்குடன் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். கணவர் இறந்துவிட்டார். மூன்று ஏக்கர் கூட்டு நிலத்தில் கணவரின் பங்கைக் கொழுந்தனார் தரவில்லை. என் கையில் அப்போது வழக்குகள் அதிகம் இல்லை, வாடகைதான் அதிகம். ஊதியத்தைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்னரே அவர் சொன்னார்: “வக்கீலய்யா, என்கிட்டே காசு இல்லை. நிலம் கைக்கு வந்தால் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.”

எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கின்றேன். ஏழைக்கு உதவியதும் ஆயிற்று, எனக்குச் சாலை ஓரத்தில் நிலம் சேர்ந்ததும் ஆயிற்று என்றுதான் நினைத்தேன். முத்திரைத்தாள் வாங்கி வரச் செய்து, ஒப்பந்தத்தை நானே எழுதினேன். மறுநாள் அந்த அம்மாள் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். அதற்குள் அந்தத் தாள் என் சீனியர் கண்ணில் பட்டுவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளை முழுவதும் படித்தார். பிறகு கேட்டார்: “தம்பி, நாளைக்கு அந்த அம்மா வருவார் அல்லவா? இதை அவருக்குப் புரியும்படி வாய்விட்டுப் படித்துக் காட்டு. படித்து முடித்தபின், இது நியாயம்தானா என்று வேறொரு வக்கீலிடம் கேட்டு வாருங்கள் அம்மா என்று அனுப்பு. அவரும் நியாயம் என்றால் கைநாட்டு வாங்கிக்கொள்.”

நான் பேசாமல் நின்றேன். வேறொரு வக்கீல் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். “ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு ஒன்றரை ஏக்கரில் பாதியா?” என்றுதான் கேட்பார். அந்த அம்மாளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்; அந்தத் தெரியாமையின் மீதுதான் என் ஒப்பந்தம் நின்றது. தாளைக் கிழித்துப் போட்டேன். ஊதியம் ஒரு தொகையாக முடிவாயிற்று. பருத்தி விற்றபின் தவணையாகத் தருவது என்று ஏற்பாடு.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கொழுந்தனார் ராஜிக்கு வந்தார். சாலை ஓரத்தைத் தாம் வைத்துக்கொண்டு, உட்புறத்தில் கிணற்றோடு சேர்ந்த ஒரு ஏக்கரை விட்டுத் தருவதாகச் சொன்னார். சட்டப்படி அந்த அம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. ஆனால் மேல்முறையீடு, அதன்மேல் இரண்டாம் மேல்முறையீடு என்று அது கைக்கு வர எத்தனை ஆண்டு ஆகுமோ! அவருக்கோ வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு மாடுகளும் கொஞ்சம் கீரைப் பாத்தியுமே அவருடைய வாழ்க்கை. “கிணறு கிடைத்தால் போதும் ஐயா” என்றார். ராஜி எழுதப்பட்டது.

அன்று மாலை நான் எண்ணிப் பார்த்தேன். அந்த முத்திரைத்தாளில் கைநாட்டு விழுந்திருந்தால் நான் என்ன ஆலோசனை சொல்லியிருப்பேன்? அவருக்கு வேண்டியது கிணறு; எனக்கு வேண்டியது சாலை. “விடாதீர்கள் அம்மா, ஹைகோர்ட்டு வரை பார்த்துவிடுவோம்” என்றுதான் சொல்லியிருப்பேன். அதைப் பொய்யாகவும் சொல்லியிருக்க மாட்டேன். அதுவே அவருக்கு நல்லது என்று முழு மனத்தோடு நம்பியும் இருப்பேன். தன் நலம் கலந்த அறிவு, தன்னையே முதலில் ஏமாற்றிக்கொள்ளும்.

இந்த விலக்கின் உயிர் இங்கேதான் இருக்கின்றது. வக்கீல் பணம் சம்பாதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வழக்காடு, விடு, சமாதானமாகப் போ என்ற மூன்றில் எதையும் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ஒருவரைத்தான் கட்சிக்காரர் கூலி கொடுத்து அமர்த்துகிறார். வழக்குச் சொத்தில் பங்கு பெற்ற கணத்திலேயே அந்த மூன்றில் இரண்டு அவர் வாயிலிருந்து வாரா. அவர் வக்கீலாக வந்து, கட்சிக்காரராக மாறி உட்கார்ந்துவிடுகிறார். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். பிறர் பொருளை விரும்பாமைக்கு வெஃகாமை என்று பெயரிட்டு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். பிறர் பொருள் தன் கைக்கு எட்டும் தூரத்தில், அதுவும் தன் பாதுகாப்பிலேயே இருக்கும்போதுதான் அந்த அறத்துக்குச் சோதனை வருகின்றது.

இனிச் சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம்.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒருவர் மற்றொருவருடைய நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்துகொண்டு அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தால், அது நேர்மையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்பிக்கை பெற்றவரையே சாரும். இதற்கு அச்சட்டம் காட்டிய முதல் எடுத்துக்காட்டே, கட்சிக்காரர் தம் வழக்கறிஞருக்குச் சொத்தை விற்பதுதான். 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் இக்கொள்கையைக் கைவிடவில்லை. மற்ற இடங்களில் குற்றம் சாட்டுபவர் மெய்ப்பிக்க வேண்டும். இங்கே வாங்கியவர் மெய்ப்பிக்க வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 136-ஆம் பிரிவில், நீதிபதிகளும் வக்கீல்களும் நீதிமன்ற அலுவலர்களும் கடன் போன்ற வழக்குரிமைகளை வாங்குவதையும், அவற்றில் பங்கு பேசுவதையும் விலக்குகின்றது. 1961-இல் வழக்கறிஞர்கள் சட்டம் பிறந்தது. அதன் கீழ் இந்திய வழக்கறிஞர் மன்றம் 1975-இல் வகுத்த ஒழுக்க விதிகளில் மூன்று நம் பொருளுக்கு உரியவை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஊதியம் பேசக் கூடாது. கிடைப்பதில் பங்கு கேட்கவும் கூடாது என்பது ஒன்று. வழக்குரிமைகளை வாங்கவோ அவற்றில் பங்கு பெறவோ கூடாது என்பது மற்றொன்று. தாம் ஆஜரான வழக்கின் டிக்ரி நிறைவேற்றத்தில் ஏலத்துக்கு வரும் சொத்தைத் தம் பெயரிலோ பிறர் பெயரிலோ எடுக்கக் கூடாது என்பது மூன்றாவது. கட்சிக்காரருக்காக, அவர் எழுத்து மூலம் அதிகாரம் தந்திருந்தால், ஏலத்தில் கேட்கலாம், தமக்காகக் கூடாது. ‘பிறர் பெயரில்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். மனைவி பெயரும் மைத்துனர் பெயரும் எதற்குப் பயன்படும் என்பதை விதி செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

விதிகள் ஏட்டில் மட்டும் இல்லை. 1954-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு மூத்த வழக்கறிஞரின் விவகாரம் வந்தது. சட்ட ஏடுகளில் ‘ஜி’ என்ற எழுத்தால் மட்டும் அவர் குறிக்கப்படுகின்றார். வழக்கில் வசூலாகும் தொகையில் பாதியைத் தமக்குத் தருமாறு கட்சிக்காரரோடு அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். சாதாரண மனிதர் இருவர் இப்படி ஒப்பந்தம் செய்துகொண்டால் அது சட்டப்படி செல்லக்கூடும்; வக்கீல் செய்தால் அது தொழில் நெறிக்கு மாறானது என்று நீதிமன்றம் கூறி, அவரைச் சிறிது காலம் தொழிலிலிருந்து விலக்கி வைத்தது. பிறருக்குப் பொருந்தும் அளவுகோல் வக்கீலுக்குப் போதாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1997-இல் வந்த பி. டி. குப்தா வழக்கு நம் கேள்விக்கு இன்னும் நெருங்கியது. டில்லியில் ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்துக்குப் பலர் வாரிசு என்று உரிமை கோரினார்கள். அவர்களுள் ஒருவருக்கு வக்கீலாக இருந்தவர், வழக்கில் இருந்த கட்டடத்தின் ஒரு பகுதியைத் தம் கட்சிக்காரரிடமிருந்தே 1982-இல் 1,80,000 ரூபாய்க்குக் கிரயம் வாங்கினார். 1987-இல் 3,40,000 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் செய்தார். இது ஏலம் அன்று, நேர்க் கிரயம். புகார் செய்தவரும் விற்றவர் அல்லர். எதிர்ப்பக்கத்து உரிமையாளர் ஒருவர். ஆயினும் அவரை ஓராண்டு தொழிலிலிருந்து நீக்கிய இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வக்கீல் தம் கட்சிக்காரருக்கு மட்டுமன்றி நீதிமன்றத்துக்கும் எதிர்க்கட்சிக்கும் நேர்மையுடையவராக இருக்க வேண்டும் என்று அது கூறியது. நீதி என்பது எல்லாரும் நீர் மொள்ளும் ஊருணி. ஒருவர் அதில் கால் கழுவினால், ‘என் குடத்துத் தண்ணீர்தானே’ என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்த எச்சரிக்கை நேற்றுத் தோன்றியதன்று. கி.மு. 204-இலேயே ரோமாபுரியில், வழக்காடுபவர் ஊதியமோ பரிசோ பெறலாகாது என்று ஒரு சட்டம் இயற்றினார்கள். நம் சீமையிலேயே சிவகங்கை ஜமீன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1829-இல் ஜமீன்தார் மறைந்தபின் எழுந்த வாரிசுரிமைப் போர், 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதுதான் ஒரு நிலைக்கு வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள்! இவ்வளவு நீண்ட வழக்குகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வென்றால் பங்கு என்று முதல் போடுவோர் பெருகிய காலம் அது. அத்தகைய ஒப்பந்தங்கள் இந்தியாவில் தம்மளவில் செல்லாதவை அல்ல, ஆனால் அவை நியாயமானவையாக இருக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் 1876-இல் ஒரு வங்காள வழக்கில் சொன்னது. முதல் போடும் வியாபாரிக்கு அந்த இடம் உண்டு. வக்கீலுக்கு இல்லை.

இங்கே அறிவுடைய மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். “பணம் இல்லாத ஏழை என்ன செய்வார்? பங்கு தருகிறேன் என்று சொன்னால்தானே அவருக்கு வக்கீல் கிடைப்பார்?” நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்தக் காரணத்துக்காகவே, வென்றால் இத்தனை பங்கு என்று ஊதியம் பேசுவதை அனுமதித்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 1990-க்குப் பின் படிப்படியாகச் சிலவகை ஒப்பந்தங்களுக்கு இடம் தந்தார்கள். ஆயினும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளைப் புரட்டிப் பாருங்கள். குற்ற வழக்கிலும் மணவிலக்கு வழக்கிலும் அவ்வகை ஊதியம் கூடாது. வழக்கில் உள்ள பொருளின்மீது சொத்துரிமையை வக்கீல் சம்பாதிக்கக் கூடாது என்பது பொதுவிதி. நியாயமான பங்கூதியம் அதற்கு ஒரு விலக்கு மட்டுமே. கதவைத் திறந்தவர்களும் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிடவில்லை.

நம் நாடு அந்த ஏழைக்கு வேறு வழி வகுத்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், பெருவிபத்தில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு அச்சட்டத்தின்படி இலவச வக்கீல் உதவி உண்டு; இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பட்டாசு அறையில் வேலை செய்பவர் இப்பட்டியலில் ஒருமுறைக்கு இருமுறை இடம் பெறுவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கின்றது. என்னிடம் வந்த மூதாட்டி இன்று வந்தால், நான் முதலில் அந்த அறையைத்தான் காட்டுவேன்.

நம் வட்டாரத்தில் வழக்குச் சொத்து என்பது நிலம் மட்டும் அன்று. வெடிவிபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு வரும் இழப்பீடும் அதுவே. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் பலர் மாண்டார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அத்தனை பெரிய தொகையை அதற்கு முன் கண்ணாலும் காணாத வீட்டின் வாசலில், “இத்தனை சதவீதம்” என்று ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும்? 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதை அன்றே எண்ணிப் பார்த்தது. அச்சட்டப்படி வரும் தொகையைப் பிறருக்கு எழுதித் தரவோ, ஈடு வைக்கவோ, கடனுக்காகப் பற்றவோ முடியாது என்று அது விதித்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்தக் காப்பைத் தொடர்கின்றது. 2017-இல் சுனிதா என்பவரின் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கிலிருந்து எழுந்த விவகாரத்தில், தீர்ப்புத் தொகையில் சதவீதம் பேசி வக்கீல் ஊதியம் கேட்பது பொதுக் கொள்கைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் ஐயமறச் சொல்லிவிட்டது.

அப்படியானால் ஊதியம் தராத கட்சிக்காரரிடம் வக்கீல் என்ன செய்வது? அவரும் குடும்பம் உள்ளவர்தானே. பேசிய ஊதியத்தை அவர் வழக்குப் போட்டே வசூலிக்கலாம். 1926-ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. ஆனால் கட்சிக்காரரின் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘பணம் தந்தால்தான் தருவேன்’ என்று சொல்லக் கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனாளியை நீதிமன்றத்தில் சந்திக்கலாம். அவருடைய கழுத்தைப் பிடிக்கக் கூடாது.

காந்தியடிகள் தம் சுயசரிதையில் ஒரு வழக்கைப் பற்றி எழுதியிருக்கின்றார். தென்னாப்பிரிக்காவில் தாதா அப்துல்லா என்ற வணிகருக்கும் அவருடைய உறவினருக்கும் 40,000 பவுன் பற்றிய வழக்கு. இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார் காந்தியடிகள். அப்துல்லா வென்றார், 37,000 பவுனும் செலவும் கிடைப்பதாக முடிவாயிற்று. அதை உடனே கட்டச் சொன்னால் தோற்றவர் அழிந்துவிடுவார். ஆகவே, நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளும்படி வென்றவரை இணங்க வைத்தார். அந்தத் தொகையில் காந்தியடிகளுக்கு நான்கில் ஒரு பங்கு இருந்திருந்தால், தவணை என்ற சொல் அவ்வளவு எளிதாகப் பிறந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே! உங்களில் சிலர் வக்கீல் ஆவீர்கள். பலர் என்றாவது ஒரு நாள் கட்சிக்காரராக அந்தப் படியேறுவீர்கள். அப்போது ஊதியத்தைத் தொகையாகப் பேசுங்கள், எழுத்தில் பெறுங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். வழக்குச் சொத்தில் பங்கு என்ற பேச்சு எழுந்தால், இன்னொரு வக்கீலிடம் கேட்டு வருகின்றேன் என்று எழுந்துவிடுங்கள். நெறி தவறியவர்மீது மாநில வழக்கறிஞர் மன்றத்தில் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த மூதாட்டி என் ஊதியத்தின் கடைசித் தவணையை முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணித் தந்தார். அன்று கிணற்றடிக் கீரை ஒரு கட்டும் கொண்டுவந்திருந்தார். அது ஊதியக் கணக்கில் சேராதது, ஆகையால் வாங்கிக்கொண்டேன்.